சுலோசன முதலியார் பாலம்

சுலோசன முதலியார் பாலம் என்பது தமிழ்நாட்டின் திருநெல்வேலியில், தாமிரபரணி ஆற்றின் குறுக்கே 1843ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட வளைவுப் பாலம் ஆகும். மேற்குக் கரையிலுள்ள திருநெல்வேலியையும் கிழக்குக் கரையிலுள்ள பாளையங்கோட்டையையும் இது இணைக்கிறது. இலண்டன் மாநகரின் பழைய வாட்டர்லூ பாலத்தின் தோற்றத்தைத் தழுவி இது வடிவமைக்கப்பட்டது.

வரலாறு

பாலம் அமைவதற்கு முன் மக்கள் படகில்தான் ஆற்றைக் கடந்தனர். படகுத்துறையில் நெரிசலும் சச்சரவும் மிகுந்திருந்தன. 1840இல் மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஈ. பி. தாம்சன், பாலம் கட்டுவது குறித்து ஆலோசனைக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். கேப்டன் பேபர், டபிள்யூ. எச். ஹார்ஸ்லி ஆகியோர் இத்திட்டத்தில் ஈடுபட்ட பொறியாளர்கள் ஆவர். செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அக்காலத்தில் இது மிகப் பெரிய தொகை.

ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார், பாலத்துக்கான செலவைத் தாமே ஏற்க முன்வந்தார். இதற்காக அவருடைய குடும்பத்தின் நகைகளும் விற்கப்பட்டன என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. பாலத்துக்கு உள்ளூர் அலுவலர் ஒருவரின் பெயர் நிலைத்தது குறிப்பிடத்தக்கது.

கட்டமைப்பு

பாலத்தின் நீளம் 760 அடி (சுமார் 232 மீட்டர்). தொடக்கத்தில் இதன் அகலம் 21.5 அடியாக இருந்தது. ஒவ்வொன்றும் 60 அடி அகலமுடைய 11 வளைவுகள் உள்ளன. ஆகவே மொத்த நீளத்தில் 660 அடி நீர் செல்லும் திறப்புகளே. எஞ்சிய 100 அடிதான் இடைத்தூண்களுக்கும் கரை முனைகளுக்கும் உரியது. மழைக்காலத்தில் பெருகும் ஆற்றுக்கு இத்தகைய தாராளமான திறப்பு இன்றியமையாதது.

வளைவு தன் சுமையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அடுத்தடுத்த இரு வளைவுகளின் தள்ளுவிசைகள் நடுவிலுள்ள தூணில் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் தூண்களை மெல்லியதாகக் கட்ட முடிந்தது. இதில் ஒரு குறையும் உண்டு. ஒரு வளைவு விழுந்தால் அதன் அண்டை வளைவுக்கும் ஆபத்து நேரும். 1869 வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது.

வாட்டர்லூ பாலத்துடன் ஒப்பீடு

ஜான் ரென்னி வடிவமைத்து 1817இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலம், 120 அடி அகலமுடைய 9 வளைவுகளைக் கொண்ட கருங்கற் பாலமாகும். அதன் ஒவ்வொரு இடைத்தூணின் முகப்பிலும் கிரேக்கப் பாணியில் இரட்டை அலங்காரத் தூண்கள் நின்றன. நெல்லைப் பாலத்தில் பின்பற்றப்பட்டது இந்த இரட்டைத் தூண் அமைப்பே. இவை சுமை தாங்குவதற்காக அமைந்தவை அல்ல, முற்றிலும் அழகுக்கானவை.

தேம்சு ஆற்றின் நீரோட்டம் அடித்தளத்தை அரித்ததால் வாட்டர்லூ பாலத்தின் தூண்கள் அமிழத் தொடங்கின. 1930களில் அப்பாலம் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் இன்று நிற்பது வேறொரு பாலம். மூலப் பாலத்தைக் காண விரும்புவோர் கான்ஸ்டபிள், மோனே ஆகியோரின் ஓவியங்களைத்தான் நாட வேண்டும். தழுவிக் கட்டப்பட்ட நெல்லைப் பாலமோ 2023 டிசம்பர் வெள்ளத்தையும் தாங்கி நின்றது.

பிற்கால மாற்றங்கள்

போக்குவரத்து பெருகியதால் 20ஆம் நூற்றாண்டில் பாலம் அகலப்படுத்தப்பட்டது. பின்னர் இதன் அருகிலேயே புதிய பாலம் ஒன்றும் கட்டப்பட்டது. பாலத்தின் மேல் பேருந்தில் செல்பவருக்கு இது சாதாரணச் சாலையாகவே தோன்றும். வளைவுகளைக் காண ஆற்றுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.