இடுக்கி எட்டாத சுவர்: இதயத்தசை அழற்சியும் எம்.ஆர்.ஐ.யும்

இதயத்தசை அழற்சியை உறுதிசெய்ய நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது: தசைத் துணுக்கு ஒன்றை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. சிரை வழியாக இதயத்தின் வலது கீழறைக்குள் நுழைந்து, இடைச்சுவரைக் கவ்வித் துணுக்கெடுக்கும் இடுக்கி முறையை ஜப்பானைச் சேர்ந்த சகாகிபாராவும் கொன்னோவும் 1962இல் வெளியிட்டனர். அத்துணுக்கில் அழற்சி அணுக்களோடு தசையணுச் சிதைவும் காணப்பட வேண்டும் என்று 1986இல் டல்லாஸ் அளவுகோல் வரையறுத்தது.

ஆனால் அழற்சி தசை முழுவதும் சீராகப் பரவுவதில்லை, திட்டுத்திட்டாக அமைகிறது. இந்நோயால் இறந்தவர்களின் இதயங்களிலிருந்தே துணுக்கெடுத்துச் சோதித்த 1989ஆம் ஆண்டு ஆய்வுகள் இதை வெளிப்படுத்தின. அவற்றுள் ஒன்றில், ஒற்றைத் துணுக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு முறையே நோயைக் காட்டியது. ஐந்து துணுக்குகள் எடுத்தும் மூன்றில் ஒரு பங்கு நழுவியது. எம்.ஆர்.ஐ.யின் வரலாற்றைப் படிப்பவர் இதை மறக்கக் கூடாது. புதிய கருவி எவ்வளவு சரியாகப் பார்க்கிறது என்பதை, தானே பாதி பார்வை இழந்த ஓர் உரைகல்லில்தான் தேய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

எம்.ஆர்.ஐ. படிப்பது நீரிலுள்ள ஹைட்ரஜனின் காந்த நடத்தையை. அழன்ற தசையில் நீர் கோக்கிறது. அதனால் டி2 எனப்படும் தளர்வு நேரம் நீள்கிறது. 1991இல் இத்தாலிய மருத்துவர்கள் இக்குறியைக் கொண்டு குழந்தைகளிடம் அழற்சியைத் தேடி, முடிவுகளைத் திசு ஆய்வோடு ஒப்பிட்டனர். 1998இல் மத்தியாஸ் ஃபிரீட்ரிக்கின் பெர்லின் குழு படத்தில் வேறுபாட்டைத் துலக்கும் காடோலினியம் மருந்தைச் செலுத்தி, நோயாளிகளை 84 நாள்வரை பின்தொடர்ந்தது. முதலில் ஓரிடத்தில் தென்பட்ட மாற்றம் பின்னர் தசையெங்கும் பரவியதை அவர்கள் கண்டனர். நோயின் நடையை, நோயாளி உயிரோடிருக்கும்போதே, ஒரு வெட்டும் இல்லாமல் தொடர முடிந்தது.

அடுத்த முன்னேற்றம் மாரடைப்பு ஆய்விலிருந்து வந்தது. நலமான தசையைக் கருமையாக்கி, காடோலினியம் தேங்கிய சேதப்பகுதியை மட்டும் வெண்மையாகக் காட்டும் முறையை 2001இல் சிமனெட்டியும் உடன் ஆய்ந்தோரும் செம்மைப்படுத்தினர். மாரடைப்பின் தழும்பு தசையின் உட்புறத்தில் தொடங்கி வெளிநோக்கி வளரும். அழற்சியோ பெரும்பாலும் உட்புறத்தை விட்டுவிட்டு, இடது கீழறையின் பக்கச்சுவரில் வெளியோரமாகப் படிகிறது. இடுக்கி வழக்கமாகக் கவ்வும் இடைச்சுவருக்கு அது வெகு தொலைவு.

2004இல் ஸ்டுட்கார்ட்டில் மார்ஹோல்ட் குழு 32 நோயாளிகளிடம் செய்த ஆய்வே இவ்வரலாற்றின் திருப்புமுனை என்பது என் கருத்து. படத்தில் வெண்மை தெரிந்த இடத்திலேயே துணுக்கெடுக்க முடிந்த 21 பேரில் 19 பேருக்கு அழற்சி உறுதியானது. அவ்விடத்தை எட்ட முடியாத 11 பேரில் ஒருவருக்கு மட்டுமே உறுதியானது. அதுவரை திசு ஆய்வு படத்தைச் சோதித்தது. இங்கே படம் திசு ஆய்வின் குறையைக் காட்டிக்கொடுத்தது.

கனடாவின் லேக் லூயிஸ் பெயரால் 2009இல் வெளிவந்த அளவுகோல், நீர்க்கோப்பு, மிகை இரத்த ஓட்டம், தசைச் சேதம் ஆகிய மூன்றில் இரண்டு குறிகள் இருக்க வேண்டும் என்றது. முதலிரண்டையும் பெரும்பாலும் எலும்புத்தசையோடு ஒப்பிட்டே அளந்தனர். அழற்சியைத் தூண்டிய வைரஸ் எலும்புத்தசையையும் தாக்கியிருந்தால் ஒப்பீடே பொய்த்துவிடும். மீண்டும் அதே உரைகல் சிக்கல்! டி1, டி2 எனும் இரு தளர்வு நேரங்களைப் புள்ளிதோறும் மில்லிநொடியில் அளக்கும் வரைபட முறை இதற்கு விடையானது. 2018இல் திருத்தப்பட்ட அளவுகோல், டி2 சார்ந்த குறி ஒன்றும் டி1 சார்ந்த குறி ஒன்றும் சேர்ந்திருப்பதை வலுவான சான்றாக ஏற்றது. எனினும் இயந்திரமும் காந்தப்புல வலிமையும் மாறினால் இயல்பு அளவும் மாறும் என்பதால், ஒவ்வொரு மையமும் தனக்குரிய இயல்பு அளவை நிறுவிக்கொள்ள வேண்டியுள்ளது.

நாள்பட்ட நோயில் படத்தின் தெளிவு குறைகிறது. அறிகுறிகள் நீடித்தவர்களிடம் டி2 வரைபடம் மட்டுமே ஓரளவு பயன்பட்டதாக 2016இல் வெளியான லைப்சிக் ஆய்வு காட்டியது. எந்த வைரஸ், எவ்வகை அழற்சி அணு என்பதையும் எம்.ஆர்.ஐ. சொல்லாது. விரைந்து உயிர்குடிக்கும் பேரணு அழற்சியில் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை உடனே தொடங்க வேண்டும். அவ்வகை அழற்சியை உறுதிசெய்ய இன்றும் திசுத் துணுக்கு தேவை.