அலைக்கு ஒரு வாயில்

நுண்ணலைச் சமிக்ஞைப் பிறப்பாக்கி என்றொரு கருவி உண்டு. வானொலி, றேடார், தொலைத்தொடர்புக் கோபுரம் ஆகியவற்றின் ஏற்பிகளைச் சோதிப்போர் அதனைப் பயன்படுத்துவர். இத்தனை அதிர்வெண், இத்தனை வலு என்று அளவறிந்த அலையைத் தருவதே அதன் தொழில். முகப்பிலுள்ள எண்தட்டும் திருகுகளும் எல்லோர் கண்ணையும் கவரும். மூலையில் இருக்கும் சிறிய உலோக வாயை எவரும் பொருட்படுத்துவதில்லை. சரித்திரம் கற்பிப்பவனாகிய எனக்கோ அந்த வாயின் கதையே பெரிதாகத் தோன்றுகிறது.

அக்கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1895ஆம் ஆண்டளவில், பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஸ் சந்திர போஸ், சில மில்லிமீற்றர் நீளமேயுள்ள மின்னலைகளைப் பிறப்பித்தார். அவற்றுட் சில ஐந்து மில்லிமீற்றர் அளவின. இக்காலக் கணக்கில் 60 கிகாஹேட்ஸ். அலை பிறந்தது சிறு உலோகக் குண்டுகளிடையே பாய்ந்த பொறியில். ஆனால் அப்பொறியை அவர் வெட்டவெளியில் விடவில்லை. கண்ட இடத்தாற் கசியும் அலை ஏற்பியைக் குழப்பிவிடும் என்பதை உணர்ந்து, கருவியை உலோகப் பேழையுள் அடைத்து, அலை வெளியேற ஓர் உலோகக் குழாயை மாத்திரம் வைத்தார். ஏற்பியின் முன்னே, அலையை வாங்கிக்கொள்ள ஒரு புனலைப் பொருத்தினார். புறப்படும் வாய் ஒன்று, புகும் வாய் ஒன்று! இன்று அலைவழிகாட்டி என்றும் கொம்பு வடிவ அலைவாங்கி என்றும் பாடநூல்கள் கூறுவன இவையே. 1897 ஜனவரியில் இலண்டன் ரோயல் இன்ஸ்டிரியூசனில் இக்கருவிகளை அவர் இயக்கிக் காட்டினார். அதே ஆண்டில், கேம்பிரிட்ஜில் அவருக்கு ஆசிரியராயிருந்த றாலே பிரபு, உட்குழிந்த குழாயினூடே அலை செல்லக்கூடும் என்பதைக் கணித வாயிலாக நிறுவினார்.

அதன்பின் உலகம் அக்குழாயை மறந்தது. மார்க்கோனியின் வெற்றிக்குப் பின்னர் எல்லோரும் கடல் கடக்கும் நீண்ட அலைகளையே நாடினர். நாற்பது ஆண்டுகள் சென்று 1936இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்துச் சவுத்வேர்த்தும், மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்துப் பரோவும் தனித்தனியே அதனை மீண்டும் கண்டறிந்து வெளியிட்டனர்.

பின்னர் யுத்தம் வந்தது. நமது வாகரைக்கு வடக்கே, திருகோணமலையை 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்க வந்தபோது, அவை கரையை அடையுமுன்னரே றேடார் கண்டுகொண்டது. அது நுண்ணலை றேடார் அன்று. ஆயினும் 1940இல் பேர்மிங்ஹாமில் றண்டாலும் பூட்டும் ஆக்கிய மக்னெற்றோன், பத்துச் சென்ரிமீற்றர் அலையைப் பெருவலுவுடன் தந்தபின், றேடாரின் போக்கே மாறிற்று. அத்தகைய கருவிகளைச் சோதிக்க அளவறிந்த அலை வேண்டும். அதனை வடத்தின் வழியே கொண்டுசெல்ல நம்பத்தக்க வாயும் வேண்டும். பெல் ஆய்வுகூடத்துப் போல் நீல் என்பவர் அக்காலத்தில் அமைத்த மரையிட்ட இணைப்பியே, அவர் பெயரின் முதலெழுத்தால் ‘என்’ வகை எனப்படுகிறது.

வாய் சரியாக அமையாவிடின் நேர்வது யாது? மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தில் மணற்றிட்டு வளர்ந்துவிட்டால், நீர் கடலுட் செல்லமாட்டாது பின்னே தேங்கும். மாரி வெள்ளம் ஏறும்போது மக்கள் அதனை வெட்டிவிடுவர். அலைக்கும் ஏறக்குறைய இதுவே கதி. உவமை முழுமையானதன்று, ஏனெனில் வாய் சிறுத்தால் மாத்திரமன்றி, பெருத்தாலும் அலை திரும்பும். 50 ஓம் வடத்தின் முனையில் 75 ஓம் சுமையை இணைத்தால், வலுவில் நூற்றுக்கு நான்கு பங்கு வந்த வழியே மீளும். அளவு பிழைத்துவிடும். இன்னொரு கேடும் உண்டு. ‘என்’ வகையில் 50 ஓம், 75 ஓம் என்ற இரண்டும் புறத்தே ஒன்றுபோலவே தோன்றும். தடித்த 50 ஓம் ஊசியை 75 ஓம் துளையினுள் வலிந்து திருகினால், உள்ளிருக்கும் மெல்லிய தொடுகை விரிந்து கெடும். விலையுயர்ந்த கருவியைக் கெடுக்க இந்த ஒரு நிமிட அவசரம் போதும்.

உட்செல்லும் வாய்களின் நிலை வேறு. குரலையோ துடிப்பையோ அலைமீது ஏற்றவும், 10 மெகாஹேட்ஸ் ஒப்பீட்டு அதிர்வைப் பெறவும் அவை உள்ளன. அங்கே செல்வது மெதுவான அதிர்வாதலால், நீல், கொன்செல்மன் என்ற இருவர் பெயரையும் தாங்கிய ‘பி.என்.சி.’ என்னும் எளிய முறுக்குப் பூட்டு பெரும்பாலும் போதுமாகிறது.

வெளியேறும் வாய்க்குத்தான் ஓய்வில்லை. அதிர்வெண் மிகும்போது, அகன்ற வாயினுள் வேண்டாத வேறொரு வகை அலையும் தோன்றி அளவைக் குழப்பும். ஆகவே வாய் சுருங்கிக்கொண்டே வந்தது. ‘என்’ வகையின் உள் அகலம் ஏழு மில்லிமீற்றர். திருத்தமாகச் செய்தால் 18 கிகாஹேட்ஸ் வரை தாங்கும். 2.92 மில்லிமீற்றர் வாய் 40 வரையும், 1.85 மில்லிமீற்றர் வாய் 65 வரையும் செல்லும். ஒரே மில்லிமீற்றர் வாய் 110 வரை தாங்கும். அதனைப் பூட்டுவதற்குக் கைத்திறன் போதாது, முறுக்கம் அளக்கும் சாவியும் வேண்டும். அதற்கும் மேலே பெரும்பாலும் ஊசியும் துளையும் விடைபெற, நீள்சதுர உலோகக் குழாயே கருவியின் வாயாகிறது. கல்கத்தாவில் 1917இல் தாம் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திற்குப் போஸ் விட்டுச்சென்ற கருவிகளில், அக்குழாயின் முன்னோரை இன்றும் காணலாம்.