புனங்காவலும் துப்பாக்கியும்

அதியமான்கோட்டை என்ற பெயரைக் கேட்டவுடன் மாணவர்களுக்கு நெல்லிக்கனி நினைவுக்கு வரும். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் நான்கைந்து கல் தொலைவில் உள்ள அவ்வூர், பண்டைத் தகடூர் நாட்டை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. ஆயினும் இன்றைய நம் பேச்சுக்கு நெல்லிக்கனியினும் ஏற்றது வேறொரு செய்தி. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உண்டு. இங்குள்ள வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் ஒளிர்கின்றன. எம் அரசனுடைய வேல்களோ நுனி சிதைந்து கொல்லனுடைய சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. கருவியை வைத்திருப்பது வேறு, கருவியோடு வாழ்வது வேறு என்பதை அந்த அம்மையார் ஒரு சிரிப்போடு சொல்லிவிட்டார்.

வேந்தருடைய வேலை விட்டு, உழவனுடைய கைக்கு வருவோம். தகடூர் நாடு மலையும் காடும் சூழ்ந்த நாடு. தெற்கே தொப்பூர்க் கணவாய், மேற்கே பென்னாகரத்துக் காடுகள், வடமேற்கே பாலக்கோட்டுக் காடுகள். கேழ்வரகும் சாமையும் அவரையும் நிலக்கடலையும் விளையும் மேட்டு நிலங்கள் காட்டின் விளிம்பு வரை செல்கின்றன. அந்த விளைச்சலுக்கு மனிதன் ஒருவனே உரியவன் என்று பன்றியும் யானையும் என்றும் ஒப்புக்கொண்டதில்லை. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காத்த மகளிர் பரண்மேல் இருந்து கவண் எறிந்தார்கள். தட்டையும் குளிரும் கொண்டு ஓசை எழுப்பிக் கிளிகளை ஓட்டினார்கள். இரவுக் காவல் ஆடவருடையது. அது விளையாட்டன்று. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களை ஒருமுறை சென்று பாருங்கள். ஆநிரை மீட்டு மாண்டவர்க்குக் கல் நட்ட இந்தப் பகுதி மக்கள், புலியோடும் பன்றியோடும் பொருது மாண்டவர்க்கும் கல் நட்டிருக்கிறார்கள். பன்றியால் இறந்தவனைப் போரில் இறந்தவனுக்கு ஒப்பாக வைத்துப் போற்றியது, பயிர்க்காவலின் அருமையை அறிந்த சமுதாயம்.

துப்பாக்கி பிற்காலத்தில் வந்தது. துப்பு என்றால் வலிமை. ஆதலால் துப்பாக்கி தூய தமிழ்ச் சொல்லே என்று வாதிடுவாரும் உளர். கேட்க இனிமைதான். ஆனால் சொல் துருக்கிய மொழியில் பிறந்து, தெலுங்கும் கன்னடமும் வழங்கும் நாடுகளைக் கடந்து நம்மிடம் வந்தது என்பதே பொருத்தமானது. சொல் வந்த வழியே கருவியும் வந்தது. பாளையக்காரரும் நாயக்கரும் மைசூர் மன்னரும் மாறி மாறி ஆண்ட பாராமகாலில், பதினெட்டாம் நூற்றாண்டில் துப்பாக்கி அரிய பொருளன்று. ஐதர் அலியின் படைகளும் கும்பினிப் படைகளும் இந்தக் கணவாய்கள் வழியே போய்வந்தன. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் கைக்கு மாறிற்று. அலெக்சாண்டர் ரீடு என்ற படைத்தலைவர் நிருவாகப் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் பல ஆண்டுகள் தங்கி நிலவரித் திட்டம் வகுத்தார். வரி தண்டும் அரசு குடிகளின் கையில் ஆயுதம் இருப்பதை விரும்புவதில்லை. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும், தென் மாவட்டங்களில் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கும்பினியார் ஆணையிட்டது இதற்குச் சான்று.

1857ஆம் ஆண்டின் பெரும் எழுச்சிக்குப் பின் அந்த அச்சம் நாடு முழுவதற்கும் உரிய சட்டமாயிற்று. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்றது. ஆனால் ‘எவரும்’ என்ற சொல்லில் ஐரோப்பியர் அடங்கவில்லை. அவர்களுக்கு விலக்கு உண்டு. தன் கொல்லையில் பன்றியை விரட்ட உழவன் மனுப் போட வேண்டும். பொழுதுபோக்குக்காக வேட்டையாட வந்த துரைக்கு அது வேண்டா. இந்தச் சட்டத்தின் வடு ஆழமானது. மாவட்டங்களின் உழவர் இழந்தது ஒரு கருவியை மட்டுமன்று, தம் மண்ணைத் தாமே காக்கத் தகுதியுடையவர் என்ற மதிப்பையும் என்றே நான் கருதுகிறேன். காந்தியடிகள் 1918இல் இச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கத்தியைத் தொடாத பெரியவர் ஏன் இதைக் கண்டிக்க வேண்டும் என்று வியப்பவர் உண்டு. அஞ்சி ஆயுதம் தொடாமல் இருப்பது அகிம்சை ஆகாது என்பது அவர் கொள்கை. 1931இல் கராச்சிக் காங்கிரசு வகுத்த அடிப்படை உரிமைகளுள், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம் பெற்றது.

குடகு நாட்டின் கதை வேறு. அங்குள்ள கொடவர்க்கு வெள்ளையர் ஆட்சி தந்த விலக்கு, இன்றைய அரசாங்கத்திலும் நீடிக்கிறது. கைல்பொள்து என்ற விழாவில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். நம் பக்கத்தில் அத்தகைய விலக்கு எவர்க்கும் கிடைக்கவில்லை.

விடுதலைக்குப் பின், 1948ஆம் ஆண்டு டிசம்பரில், ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று அரசியல் நிருணய சபையில் எச். வி. காமத் வாதிட்டார். அம்பேத்கர் இசையவில்லை, சபையும் ஏற்கவில்லை. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் உழவனை நேரே நினைந்த ஒரு பிரிவு உண்டு. பயிர்க்காவலுக்கென உண்மையாகக் கேட்பவனுக்கு, வாய்வழி மருந்து இடும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். அது போதாது என்று அதிகாரி கருதினால் தோட்டாத் துப்பாக்கிக்கும் தரலாம்.

வாய்வழி மருந்து இடும் துப்பாக்கி எத்தகையது? இன்றைய மாணவர் திரைப்படத்தில் காணும் கருவியன்று. குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ வைத்துக் கோலால் இடித்து, ஈயக் குண்டுகளை இட்டு, மீண்டும் அடைத்து, குதிரையின் கீழ்க் கேப்பு வைத்து விசையை இழுக்க வேண்டும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே பன்றிக் கூட்டம் கொல்லையைத் தாண்டிப் போய்விடும். மழைக்காலத்தில் மருந்து நமத்துப் போகும். பல இரவுகளில் அதன் பயன் குண்டில் இல்லை, ஓசையில் இருந்தது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட நூலில், அந்நாளைய சேலம் மாவட்டத்து ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலியைப் பற்றிப் படிப்போர் துப்பாக்கி என்றாலே புலி என்று எண்ணிக்கொள்வர். பரணில் இருந்த உழவனின் துப்பாக்கிக்கும் புலிக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை.

உரிமம் பெற்றவனுடைய வாழ்வில் துப்பாக்கி சுட்ட நாளைவிட அலுவலகத்துக்கு நடந்த நாளே மிகுதி. மாவட்ட அதிகாரிக்கு மனு; காவல் நிலைய விசாரணை; வட்டாட்சியர் விசாரணை; காலம் முடியுமுன் புதுப்பித்தல்; வாங்கிய மருந்துக்குக் கணக்கு. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெற வேண்டும். அந்த வாரங்களில் பயிர் விளைந்து நின்றால் அது பன்றியின் நற்பேறு. உரியவன் இறந்தால் மகன் அதனை நிலத்தைப் போலத் தனதாக்கிக்கொள்ள இயலாது. முதலிலிருந்து மனுப் போட வேண்டும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டையை அறவே தடுத்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. கையில் துப்பாக்கி உண்டு, உரிமமும் உண்டு, பன்றியைச் சுடத்தான் அனுமதி இல்லை. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வாழ்வோர் தம் ஆயுதத்தை வனத்துறையிலும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் அமைந்தபோது இவ்விதி இப்பகுதிக்கும் வந்து சேர்ந்தது. விலங்கினங்கள் அழிந்துகொண்டிருந்த காலத்தில் இச்சட்டங்கள் இன்றியமையாதவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சட்டம் காட்டைக் காத்த அளவுக்குக் கொல்லையைக் காக்க வழி காட்டவில்லை.

வழி அடைபட்டால் கள்ள வழி திறக்கும். உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் மலையூர்களில் மறைவாகப் புழங்கின. அவற்றைத் தாமே முன்வந்து ஒப்படைப்போர் மீது வழக்கில்லை என்று காவல் துறையினர் ஊர்தோறும் அறிவித்துத் திரட்டி வருகின்றனர். இருளில் பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்டுவிடும் கொடுமை இக்கள்ளத் துப்பாக்கியோடு வரும் ஆபத்து. பழத்தில் வெடிமருந்தை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் அதனினும் கொடிது; அதைக் கடிக்கும் வாய் பன்றியின் வாயா, பசுவின் வாயா என்று வெடிக்குத் தெரியாது. மின்வேலியோ காவலாளே இல்லாமல் கொல்கிறது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில், பாலக்கோடு வட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டத்துக்குப் புறம்பாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. தாயருகில் உயிரோடு நின்ற குட்டிகள் இரண்டு. பரணில் இருந்தவன் துப்பாக்கியை வானத்தை நோக்கி வெடித்து யானையை ஓட்டிய காலத்தில், ஓட்டுவதா கொல்வதா என்று எண்ண ஒரு கணமாவது இருந்தது.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆணையின்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியை வனத்துறையைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள் சுடலாம். உழவன் சுடலாகாது. அவர்கள் வந்து சேரும் வரை பரணில் விழித்திருப்பவன் அவன்தான். பக்கத்தில் தகர டப்பாவும் ஒரு மின்விளக்கும் இருக்கும்.