அன்பின் கைவேலைக்குக் கூலி உண்டோ?

பிறர் படைத்த கதையில் உள்ளம் பறிகொடுத்த ரசிகர், அக்கதைமாந்தரைத் தம் கையால் மீண்டும் எழுதியும் தீட்டியும் மகிழ்வது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அங்ஙனம் ஆக்கிய சித்திரத்தை நண்பர்க்கு இலவசமாக அளிக்குங்கால் எவரும் குறை கூறுவதில்லை. அதனையே ஐந்து வெள்ளிக்கு விற்கத் தொடங்கியதும் இரு திறத்தாரிடமிருந்து கண்டனம் எழுகின்றது. பிறர் பயிரில் அறுவடை செய்கின்றான் என்பர் ஒரு சாரார். அன்பை விலை கூறுகின்றான் என்பர் மற்றொரு சாரார். முன்னது உரிமையைப் பற்றியது; பின்னது ஒழுக்கத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாய்க் குழைத்துப் பேசுவதனாலேயே வழக்கு முடிவின்றிக் கிடக்கின்றது. ஆகவே சரித்திரத்தைச் சிறிது புரட்டுவோமாக.

ஸ்பானிய தேசத்துச் செர்வாண்டிஸ், டான் குவிக்ஸோட் கதையின் முதற்பாகத்தை 1605-இல் வெளியிட்டார். இரண்டாம் பாகத்தை அவர் எழுதி முடிப்பதற்குள், 1614-இல், அவெல்லநேடா என்னும் புனைபெயர் பூண்ட ஒருவர் தாமே ஓர் இரண்டாம் பாகத்தை அச்சிட்டு விற்றுவிட்டார். அதனோடு அமையாது, மூல ஆசிரியருக்கு வரவேண்டிய ஊதியத்தைத் தாம் பறித்ததாகவும் முன்னுரையிலேயே எக்களித்துக் கொண்டார்! செர்வாண்டிஸ் தம் பேனாவாலேயே பழி தீர்த்தார். 1615-இல் வெளிவந்த அவருடைய மெய்யான இரண்டாம் பாகத்தில், போலிப் புத்தகத்தின் செய்தியைக் கேள்வியுற்ற கதாநாயகன், போலி நாயகன் சென்ற ஸரகோஸா நகரில் கால் வைப்பதில்லை என உறுதி கொண்டு பார்ஸிலோனாவுக்குத் திரும்பிவிடுகின்றான். இறுதியில் அவனை இறக்கவும் செய்தார் ஆசிரியர். இனி எவரும் தொடர்ந்து எழுதிவிடக் கூடாதன்றோ! ஈண்டு நாம் கவனிக்கத்தக்கது ஒன்று. அவெல்லநேடா செய்த பிழை காசு வாங்கியது மாத்திரமன்று. மூலத்தின் பெயரையே சூட்டி, மூலம் வரவேண்டிய இடத்தில் தம் புத்தகத்தை அமர்த்தியதே பெரும்பிழை.

நிற்க. நம் காலத்து வழக்குக்கு வருவோம். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள், 1967-இலேயே 'ஸ்பாக்கனாலியா' என்னும் ஏட்டை வெளியிட்டனர். இத்தகைய ஏடுகளுக்கு விலை இருந்தது; ஆயினும் அது காகிதத்திற்கும் அச்சுக்கும் தபாலுக்கும் ஈடான விலையாக இருத்தல் வேண்டும், இலாபம் கருதுதல் இழுக்கு என்பதே அவர்களுக்குள் நிலவிய கட்டுப்பாடு. இதற்கு அன்பு ஒரு காரணம்; அச்சம் மற்றொரு காரணம். காசு பார்க்கத் தொடங்கினால் கம்பெனியின் வக்கீல் கதவைத் தட்டுவான் என்று அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் 1976-இல் அதே ரசிகர் கதைகளுட் சிலவற்றை ஒரு பெரிய பதிப்பகம் புத்தகமாக்கி விற்றபோது ஒருவருக்கும் அது இழுக்காகத் தோன்றவில்லை. காசு தீண்டத்தகாதது என்னும் விதி, எழுதியவர் கையை மட்டும் கட்டுவதன் நியாயம் நமக்கு விளங்கவில்லை.

கிழக்கே ஜப்பான் தேசம் வேறு வழி கண்டது. அங்கே ரசிகர் தாமே அச்சிடும் ஏட்டிற்குத் தோஜின்ஷி என்று பெயர். ஒத்த மனத்தாரின் ஏடு என்பது பொருள். இச்சொல் முதலில் இலக்கியக் கழகத்தாரின் ஏடுகளைக் குறித்தது. 1885-இல் கென்யூஷா என்னும் இளைஞர் கழகம் வெளியிட்ட ஏட்டையே முன்னோடி என்பர். பின்னர்ச் சித்திரக்கதை ரசிகர்கள் இவ்வழியைக் கைப்பற்றினர். 1975 டிசம்பர் 21-இல் டோக்கியோ நகரில் ஒரு சிறு மண்டபத்தில், 32 குழுக்களும் ஏறத்தாழ 700 பேருமாகக் கூடி, தம் ஏடுகளைத் தாமே பரப்பி வைத்து விற்றனர். இதுவே கோமிக்கெட் என்னும் சந்தையின் பிறப்பு. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் நான்கு நாட்களில் அங்கு வந்தோர் தொகை ஏறத்தாழ 7,30,000. எனினும் அச்சந்தையில் வாடிக்கைக்காரர் என்று எவரும் இலர். விற்போரும் வாங்குவோரும் நடத்துவோரும் யாவரும் பங்குகொள்வோர் என்றே அழைக்கப்படுவர்.

இவர்கள் கொள்ளையடிக்கின்றனர் என்று கருதுவோர் ஒன்றை அறிதல் நலம். சந்தையை நடத்துவோரே எடுத்த கணக்கின்படி, பெரும்பாலான குழுக்களுக்கு நட்டமே மிச்சம். அச்சுக்கூலி, மேசைக் கட்டணம், இரயில் சத்தம் இவற்றைக் கழித்தால் கைம்முதல் தேறுவதில்லை. இலாபம் காண்போர் சிலரே. அச்சிலருட் சிலர் இதனையே பயிற்சிக்கூடமாகக் கொண்டு தொழில்முறை ஓவியராயினர். 'கிளாம்ப்' என்னும் புகழ்பெற்ற பெண்கள் குழு தோஜின்ஷியில் தொடங்கி, 1989-இல் தொழிலுலகில் அடியெடுத்து வைத்தது.

அன்புள்ளவன் கூலி கேட்கலாகாது என்னும் வாதத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். நாம் நாள்தோறும் தோட்டத்துச் செக்ரோல் எழுதும் கிராணி. கை ஓடியதற்குக் கணக்கு உண்டென்பது நமக்கு மறக்கவொண்ணாத பாடம். ஓர் இரவு கண்விழித்துத் தீட்டிய சித்திரத்தில் கதைமாந்தன் பிறருடையவனாயினும், அக்கோட்டை இழுத்த கை யாருடையது? இலவசமாகவே செய்க என்னும் கட்டளை செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வலிக்காது. தகப்பன் பால்வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை வண்ணமும் தாளும் எங்ஙனம் வாங்குவான்? விலை கூடாதென்று விதித்தால், வசதியுள்ளார் மட்டுமே ரசிகராய் நிற்க முடியும். கோலாலம்பூரில் 2002 முதல் நடைபெற்றுவரும் 'காமிக் ஃபீஸ்டா' விழாவில் சிறு மேசை பிடித்து அட்டைகளும் படங்களும் விற்கும் இளைஞர்களை எண்ணியே இதனைக் கூறுகின்றோம். இத்துணைச் சினமும் அச்சிறு மேசையின்மேல் பாய்வானேன்?

ஆயினும் கூலி என்ற சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுதல் இயலாது. எல்லை உண்டு. அவ்வெல்லை எங்கே என்பதைக் காட்டுவது 'டோரேமோன்' வழக்கு. அப்புகழ்பெற்ற சித்திரக்கதையின் ஆசிரியர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-இல் இறுதி அத்தியாயம் எழுதாமலே காலமானார். 2005-இல் ஓர் ஓவியர் அவ்விறுதியைத் தாமே தீட்டி விற்றார். சோம்பேறிச் சிறுவன் நோபிதா வளர்ந்து, எந்திர விஞ்ஞானியாகி, அசைவற்றுப்போன தன் பூனைத்தோழனை மீண்டும் உயிர்ப்பிக்கின்றான் என்பது கதை. படித்தோர் கண் கலங்கினர். ஏறத்தாழ 13,000 பிரதிகள் விற்றன. அதன் அட்டையும் கோடும் அசலோடு மிகவும் ஒத்திருந்தமையால் மெய்யான முடிவு இதுவே என நம்பியவரும் பலர். 2007-இல் ஓவியர் மன்னிப்புக் கோரி, விற்பனைப் பணத்தில் ஒரு பகுதியைப் பதிப்பகத்தாரிடம் செலுத்தி, இனி விற்பதில்லை என வாக்களித்தார். சிறை இல்லை. அச்சந்தையில் அதே ஆண்டில் ஆயிரக்கணக்கான ஏடுகள் காசுக்கு விற்கப்பட்டிருக்க, பதிப்பகத்தார் இவ்வொன்றைத் தடுத்தது ஏன்? தொகையும் பெரிது, அதனினும் பெரிது, அசலின் முகத்தையே அணிந்து நின்றமை. அவெல்லநேடாவின் பிழையும் இதுவேயன்றோ?

சட்டமும் ஏறக்குறைய இவ்வழியே நடந்துள்ளது. 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பழைய பாட்டு ஒன்றைக் கேலி செய்து இசைத்தட்டாக விற்ற வழக்கில், காசுக்கு விற்றமை ஒன்றாலேயே குற்றம் என்று கொள்ளலாகாது எனத் தீர்ப்பளித்தது. சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும், வாணிக நோக்கம் என்பது ஆராயவேண்டிய கூறுகளுள் ஒன்றேயாகும்.

ஜப்பானிலோ, உரிமையாளர் முறையிட்டாலன்றி வழக்குத் தொடரலாகாது என்பதே பழைய விதி. அவ்விதியின் நிழலிலேயே தோஜின்ஷி வளர்ந்தது. பசிபிக் வட்டார நாடுகளின் வாணிக ஒப்பந்தம் வந்தபோது அந்நிழல் போய்விடுமோ என்ற நடுக்கம் எழுந்தது. 2016-இல் அதில் கையெழுத்திட்ட 12 நாடுகளுள் ஜப்பானோடு மலேசியாவும் சிங்கப்பூரும் உண்டு. அமெரிக்கா விலகிய பின்னர், எஞ்சிய 11 நாடுகள் 2018-இல் மீண்டும் ஒப்பமிட்டன. முறையீடு இல்லாமலே அரசு வழக்குத் தொடர வழி செய்யவேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஜப்பானிய ஓவியர் வாளாவிருக்கவில்லை. அகமாட்சு கென் என்னும் தொழில்முறைச் சித்திரக்கதை ஆசிரியர், தம் கதையை ரசிகர் எடுத்தாளலாம் என்று வெளிப்படையாக அறிவிக்கும் 'தோஜின் முத்திரை' ஒன்றை 2013-இலேயே அமைக்கத் துணைநின்றார். உரிமையாளர் ஒருவரே ரசிகர் பக்கம் நின்று பேசினார் என்பது சிறு காரியமன்று. 2018 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று நிபந்தனைகள் விதித்தது. இலாப நோக்கமோ தீங்கு செய்யும் நோக்கமோ இருத்தல் வேண்டும். அசலை அப்படியே எடுத்திருத்தல் வேண்டும். உரிமையாளரின் வருவாய் நியாயமின்றிக் கெட்டிருத்தல் வேண்டும். இம்மூன்றும் கூடினாலன்றி, முறையீடின்றி வழக்கில்லை. தன் கற்பனையைக் கலந்து தீட்டும் ரசிகர் இவ்வலையிற் சிக்கார். எனினும் இது சகிப்பேயன்றி உரிமையன்று. சொந்தக்காரர் முறையிடத் துணிந்தால் ரசிகர் நிலை இன்றும் தள்ளாடும்.

இத்தகைய சகிப்பு நாற்பத்து மூன்று ஆண்டுகள் கெடாமல் சட்டமாகும்வரை நிலைத்ததற்குச் சந்தையின் ஒழுங்கும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. கோமிக்கெட்டில் விற்கப்படும் ஏடு ஒவ்வொன்றின் இறுதியிலும் வெளியிட்டவர் பெயரும், அச்சான நாளும், அச்சகமும் பொறிக்கப்படவேண்டும். விற்பனை நாளன்று ஒரு பிரதியை நிர்வாகத்தாரிடம் ஒப்படைத்தலும் வேண்டும். சந்தையைத் தோற்றுவித்தோருள் ஒருவரான யோனேஸாவா யோஷிஹிரோ 2006-இல் மறைந்தார். மெய்ஜி பல்கலைக்கழகத்தார் 2009-இல் அவர் பெயரால் நூலகம் ஒன்று திறந்தனர். அங்ஙனம் ஒப்படைக்கப்பட்ட ஏடுகளுட் பலவற்றை அங்கே கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.