ஆடிச் சலுகை

அப்பாவின் வாடகை சைக்கிள் கடையில் பதினாறு வண்டிகள். பின் மட்கார்டில் வெள்ளை பெயிண்டால் 1 முதல் 17 வரை எண் போட்டிருக்கும். எட்டு மட்டும் கிடையாது. எட்டாம் நம்பர் வண்டியை எவனும் தொடமாட்டான் என்பது அவர் பட்டறிவு. கடை இருந்தது கீழ்பென்னாத்தூரில், செஞ்சிக்குப் போகிற சாலையோரம். மேற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டரில் திருவண்ணாமலை. சாலையில் நின்றால் மலை எதிரே தெரியும். ஆடி பிறந்துவிட்டால் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அந்த ஒரு மாதத்துக்கு அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். திருவண்ணாமலைக்கு வண்டி எடுத்தவனுக்கு அரை மணி வாடகையைக் கழித்துவிடுவார். செஞ்சிக்குப் போனவனுக்கும் அப்படியே. மணிக்கு முப்பது காசு இருந்த காலத்தில் பதினைந்து காசு சின்னத் தொகை இல்லை. ஒரு டீயைத் தாண்டும். பக்கத்துக் கடைக்காரர் இதைக் கேலி செய்வார். "எதுத்துப் போறவன் திரும்பறப்ப காத்து தள்ளிக்கினு வருது. வரவும் செலவும் நேராப் பூடுது. நீ இன்னாத்துக்குக் காச கழிக்கிற?" அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நேராவாது. நீ ஓட்டிப் பாரு."

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அது ஏன் நேராகாது என்று அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் ரொம்ப நாள் தெரியவில்லை.

எங்கள் வண்டிகளில் பாதி ஹெர்குலிஸ். 1949-ல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து அனுப்பியவை. இருபது கிலோவுக்குக் குறையாத இரும்பு, ஹேண்டில்பார் மார்புயரம், பின்னால் தடித்த கேரியர். அதில் உட்கார்ந்தால் முதுகு நேராக நிமிர்ந்து, மார்பு முழுக்கக் காற்றுக்குத் திறந்து கிடக்கும். அந்த வடிவத்துக்கு முன்னோடி 1885-ல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள்: ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், நடுவில் பெடல், பின் சக்கரத்துக்குச் செயின். மூட்டை ஏற்ற, குடம் கட்ட, டபுள்ஸ் போக இதைவிட நல்ல வண்டி இல்லை. சின்னப் பையன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிக்கவும் அதில்தான் முடியும். எங்கள் ஊர்ப்பக்கம் சைக்கிள் என்பது பாரம் சுமக்கிற மாடு. வேகத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

வாடகைக் கடையின் கதை சீக்கிரம் முடிந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது, பால்காரர்கள் முதலில் அதற்கு மாறினார்கள். 2001-க்குப் பிறகு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. அது நல்ல காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் எங்கள் பதினாறும் காயலான் கடைக்குப் போயிருந்தன. நான் அதே கொட்டகையில் லேத்து போட்டேன்.

சில வருஷங்களுக்கு முன் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகள், கூடப் படிக்கிற ஏழெட்டுப் பிள்ளைகளோடு அந்தக் கொட்டகைக்கு வந்தாள். கையில் ஒரு வரைபடம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஓட்டுகிறவர் சாய்வு நாற்காலியில் படுத்தமாதிரி இருந்து காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடி ஓர் ஓடு. "மனித ஆற்றல் வாகனம்ப்பா, போட்டிக்கு" என்றாள். அப்பா திண்ணையிலிருந்து கேட்டார்: "மனுஷன் மிதிக்கிற வண்டிக்கு இம்மாம் பெரிய பேரா கண்ணு?"

படுத்து ஓட்டுகிற வண்டி புதுசு என்றுதான் நானும் நினைத்தேன். அவர்கள் தயாரித்த அறிக்கையைப் படித்தபோதுதான் தெரிந்தது, அதற்கு என் கடையைவிட வயது அதிகம். 1933-ல் பாரிசில் பிரான்சிஸ் ஃபோர் என்கிற, பெரிய பெயர் இல்லாத பந்தயக்காரர், சார்ல் மோஷே செய்த வெலோகார் என்னும் படுக்கை சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914-ல் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை பத்தொன்பது வருஷம் அசையாமல் நின்றது. அது அன்று உடைந்தது. அடுத்த வருஷமே உலக சைக்கிள் சங்கம் கூடி, பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று அளவு வகுத்தது. அந்த அளவுக்குள் வெலோகார் வரவில்லை. தோற்றவர்கள் வண்டியைக் குறை சொன்னால் புரிந்துகொள்ளலாம், சங்கமே சொன்னது. பந்தயத்தில் இடமில்லாத வண்டியைச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் மனம் வரவில்லை. நாற்பது வருஷம் அந்த வழி புல் முளைத்துக் கிடந்தது.

அதைத் திரும்பத் திறந்தவர் ஒரு வாத்தியார். கலிபோர்னியாவில் லாங் பீச் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் கற்பித்த செஸ்டர் கைல், மாணவர்களை வைத்துக்கொண்டு சைக்கிளை மிதிக்காமல் உருளவிட்டு, அது எவ்வளவு சீக்கிரம் வேகம் இழக்கிறது என்று அளந்தார். உருளும் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு காற்றுக்குத்தான் என்று கணக்கில் வந்தது. 1975-ல் இர்விண்டேல் என்ற இடத்தில் எந்த அளவுக் கட்டுப்பாடும் இல்லாமல் ஒரு பந்தயம் வைத்தார்கள். அடுத்த வருஷம் மனித ஆற்றல் வாகனங்களுக்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம். 1986-ல் பிரெட் மார்க்கம் ஓடு மூடிய சைக்கிளில் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தொட்டார். 2016-ல் நெவாடா பாலைவனச் சாலையில் கனடாவின் டாட் ரைகர்ட் 144.17. மோட்டார் கிடையாது, வெறும் கால்.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் இதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போட்டியாக்கியது. 2010-களில் அது இந்தியாவுக்கும் வந்தது, தில்லி ஐ.ஐ.டி.யில் நடந்தது, பிறகு எங்களுக்குப் பக்கத்தில் வேலூர் வி.ஐ.டி.யிலும். அப்போதைய விதிப்படி வேகம் மட்டும் போதாது. மணிக்கு 25 கிலோமீட்டரில் வந்து ஆறு மீட்டருக்குள் நிற்க வேண்டும். எட்டு மீட்டர் ஆரத்தில் திரும்ப வேண்டும். கவிழ்ந்தால் ஆளைக் காக்கிற வளையம் தலைக்கு மேல் இருக்க வேண்டும். அதன்மேல் 2,670 நியூட்டன் பாரம் வைத்தால் 5.1 சென்டிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது.

2,670 நியூட்டன் என்றால் 272 கிலோ. இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டை மூன்று, மேலே ஓர் ஆள். பைப்பில் மணல் அடைத்து இரண்டு வாயையும் மூடி, சூடு காட்டி வளைத்தேன். மணல் இல்லாமல் வளைத்தால் வளைவில் பைப்பு நசுங்கிப் போகும். பக்கத்து வீட்டிலிருந்து மூட்டை வந்தது. மூன்றையும் அடுக்கி மேலே நான் ஏறி உட்கார்ந்தேன். என் மகள் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்லப்பா, இறங்கு" என்றாள். பிரேக்கைப் பார்த்த அப்பாவுக்குத் தேர் ஞாபகம் வந்தது. கார்த்திகை தீபத்தின் ஏழாம் நாள் திருவண்ணாமலையில் ஐந்து தேர் ஓடும்; அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள், என் மகளும் வடம் பிடித்திருக்கிறாள். ஆயிரம் பேர் இழுக்கிற அதுவும் மனித ஆற்றல் வாகனம்தானே. நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை. "சாமிக்குக் கட்டை, உங்களுக்கு டிஸ்க்கு" என்றார்.

ஓட்டில்தான் பாடுபட்டோம். நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிற ஆள், காற்றைத் தள்ள மட்டும் இருபது வாட் சொச்சம் செலவழிக்கிறான். 30-ல் போனால் நாற்பது ஆகாது, 170-க்கு மேல் போய்விடும். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. நல்ல ஓட்டுக்குள் படுத்துக்கொண்டால் அந்த 170 இருபதுக்குக்கூட வரும். இதைக் கேட்டதும் பிள்ளைகள் அம்பு மாதிரி மூக்கு வைக்கத்தான் நினைத்தார்கள். நானும்தான். விஷயம் வாலில் இருக்கிறது. முன்பக்கம் விரால் மீன் தலைமாதிரி மழுங்கலாக இருந்தாலும் குற்றமில்லை. பின்னால் காற்று மெதுவாக வந்து மூடிக்கொள்கிற மாதிரி நீளமாக ஒடுங்க வேண்டும். சட்டென்று வெட்டிவிட்டால் அங்கே சுழல் உண்டாகி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

முதல் ஓட்டுக்கு மூங்கில் பிளாச்சு கட்டி அதன்மேல் பழைய பிளெக்ஸ் பேனரை இழுத்து ஒட்டினோம். வலது பக்கம் ஒரு கட்சிக்காரரின் பாதி முகம். காற்றுச் சுரங்கச் சோதனைக்கு எங்கே போவது? பூ கட்டுகிற நூலை விரல் நீளத்துக்கு வெட்டி ஓடு முழுக்க ஒட்டினாள் மகள். விடியற்காலை செஞ்சி சாலையில் அவள் மிதிக்க, நான் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கூடவே போக, என் பின்னால் உட்கார்ந்த பையன் செல்போனில் படம் பிடித்தான். நூல் படிந்து கிடக்கிற இடத்தில் காற்று ஒழுங்காகப் போகிறது. துடிக்கிற இடத்தில் சுழல். அரசியல்வாதியின் காதுக்குப் பின்னால் எல்லா நூலும் பேய் பிடித்தமாதிரி ஆடியது. அங்கே வளைவைத் திருத்தி, அப்புறம்தான் கண்ணாடி இழையில் ஊற்றினோம்.

இரண்டு விஷயம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஒன்று, லாரி. பக்கவாட்டில் ஒரு லாரி கடந்தால் மூடிய வண்டி பாய்மரம்போல் விலகும். முதல் நாள் ஒரு சக்கரம் சாலையை விட்டே இறங்கிவிட்டது. மற்றது வெயில். காலை பதினொரு மணிக்கு அந்த ஓட்டுக்குள் படுத்து மிதிப்பது இட்லிக் கொப்பரைக்குள் கசரத்து எடுப்பதுதான். பாரிசிலும் கனடாவிலும் எழுதின புத்தகத்தில் இதற்கு வழி இல்லை. மூக்கில் ஒரு ஓட்டை, முதுகுப்பக்கம் ஒரு ஓட்டை போட்டோம். கொஞ்சம் வேகம் போனது, ஆள் மிஞ்சினாள்.

போட்டியில் பரிசு இல்லை. தாங்குதிறன் ஓட்டத்தின் பாதியில் செயின் கழன்றது. சாதாரண சைக்கிள் செயின் மூன்றை ஒட்டவைத்த நீளம் அது. நடுவில் தாங்குவதற்கு நான் லேத்தில் கடைந்து கொடுத்த நைலான் உருளை தேய்ந்து பள்ளம் விழுந்துவிட்டது. பித்தளையில் கடைந்திருக்க வேண்டும். இரண்டு நாள் என்னிடம் அவள் பேசவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவின் பழைய வாடகை நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி நம்பர், பெயர், போன நேரம், வந்த நேரம், அவ்வளவுதான் அதில். ஆனால் ஆறாம் நம்பரைத் தினமும் எடுக்கிற பூக்காரர் ஒருவர் உண்டு. திருவண்ணாமலையில் சாமந்தி மூட்டையை இறக்கிவிட்டு நின்று பேசாமல் திரும்புகிறவர். சித்திரையில் அவர் எடுத்துக்கொண்டது இரண்டரை மணி. ஆடியில் மூன்று மணிக்கு ஐந்து, பத்து நிமிடம் குறைவு.

அவள் கணக்குப் போட்டாள். ஒரு குண்டு பல்பு எரிகிற அளவு, அறுபது வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிதிக்கிற ஆள். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று. காற்றில்லாத நாளில் போக 72 நிமிடம், வர 72. ஆடியில் போக 115, வர 50. தள்ளுகிற காற்று இருபத்திரண்டு நிமிடம் மிச்சம் பிடித்துத் தருகிறது. எதிர்க்கிற காற்று நாற்பத்துமூன்றைத் தின்றுவிடுகிறது. எதிர்காற்றில் வண்டி மெதுவாகப் போகிறது, அதனாலேயே அதன் வாயில் அதிக நேரம் கிடக்கிறது. செஞ்சிக்குப் போனவனுக்கும் இதே கணக்குதான், முன்பின் மாறி வரும்.

"தாத்தா, நீ சொன்னது சரிதான், நேராவாது" என்று திண்ணைக்குப் போய்ச் சொன்னாள். "ஆனா நஷ்டம் இருபத்தோரு நிமிஷம்தான். நீ அரை மணி கழிச்சிருக்க. ஒவ்வொருத்தனுக்கும் ஒம்போது நிமிஷம் ஜாஸ்தி குடுத்திருக்க."

அப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"எதுகாத்துல மிதிச்சவன் ஒரு டீ குடிக்க வாணாமா?"