சுருங்கை: மண்ணுக்குள் மறைந்தோடும் நீர்வழி



ஐவேளையும் நாம் ஒளூச் செய்கின்றோம். கால்களைக் கழுவிய நீர் கல் இடுக்கில் இறங்கி மறைந்துவிடுகின்றது. அது எவ்வழியே சென்று எங்கே முடிகின்றது என்று நாம் சிந்திப்பதில்லை. மறைந்த நீரைப் பற்றிய இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு.

சிந்து நதிக்கரையின் மொஹஞ்சதாரோ நகரில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பே தெருவோரம் செங்கல்லால் வடிகால் கட்டினர். வீட்டுக் கழிவுநீர் அதில் வந்து சேர்ந்தது. மேலே செங்கல்லோ கற்பலகையோ இட்டு மூடினர். ஆயினும் பூசி அடைத்துவிடவில்லை. வேண்டும்போது மூடியைத் தூக்கித் தூர்வார வழி வைத்தனர். கசடு தங்குவதற்கென இடையிடையே குழிகளும் அமைத்தனர். மறைத்தவர்கள் மறந்துவிடவில்லை என்பதே இதில் நாம் காணும் பாடம்.

நம் தமிழகமும் இக்கலையை அறிந்திருந்தது. மறைவாக நீர் செல்லும் வழிக்குச் ‘சுருங்கை’ என்றொரு பழஞ்சொல் உண்டு. மதுரையின் சுருங்கை வழியே பீறிட்டு வரும் வையைப் புனலை, யானை துதிக்கையால் உமிழும் நீருக்கு ஒப்பிடுகின்றது பரிபாடல். அம்மதுரைக்கு அண்மையிலுள்ள கீழடியில் 2019ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன.

ஆனால் மறைப்பது மட்டுமே தூய்மையாகிவிடுமா? இலண்டன் மாநகரின் வரலாறு இதற்கு விடை சொல்கின்றது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறியது. பொறியாளர் ஜோசப் பேசல்கெட் நிலத்தடியில் பெருங்கால்வாய்களை அமைத்தார். அவற்றுள் ஒன்றின் மீது எழுந்த விக்டோரியா கரைச்சாலை 1870இல் திறக்கப்பட்டது. மேலே சாலையும் பூங்காவும். கீழே நகரின் கழிவு. நகரத்தார் காலரா அச்சத்திலிருந்து மீண்டனர். எனினும் அக்கழிவு சுத்திகரிக்கப்படாமலே நகருக்குக் கிழக்கே அதே நதியில் விடப்பட்டது. 1878இல் அவ்விடத்திற்கு அருகே ‘பிரின்சஸ் அலைஸ்’ என்னும் பயணக் கப்பல் மூழ்கி 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் விழுந்தது அந்தக் கழிவு கலந்த நீரில். அதன் பின்னரே கசடைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு வந்தது.

இது அயல்நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. பாசனத்திற்கென 1992இல் நொய்யலின் குறுக்கே எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில், நமது பகுதியின் சாயக்கழிவு தேங்கி நின்றதை நாம் அறிவோம். இங்கே கண்ணுக்கு மறைந்தது, கீழேயுள்ள உழவரின் வயலிலும் கிணற்றிலும் வெளிப்பட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது நம் வீடுகளிலும் அடுப்பு தயங்கியது. அதன் பின்னர், கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை தொழிலின் நிபந்தனையாயிற்று. முதலிலேயே செய்திருந்தால் உழவரும் தொழிலாளரும் அத்துணைத் துயருற்றிருக்க வேண்டியதில்லை.

மறைந்திருப்பது நீர் மட்டுமன்று. அதைத் துப்புரவு செய்யும் மனிதரும் நம் கண்ணுக்கு மறைந்தே இருக்கின்றனர். கழிவுநீர்க் குழிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென 2023இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. உயிருக்கு அது ஈடாகுமா?

2011இல் நமது வீரபாண்டி திருப்பூர் மாநகராட்சியுடன் இணைந்தது. தெருக்கள் மாறிவருகின்றன, வடிகால்களின் மேல் மூடிகள் ஏறுகின்றன. மகிழ்ச்சியே. எனினும், வீடு கட்டுவோரும் பட்டறை நடத்துவோரும் பள்ளிவாசலைப் பராமரிக்கும் நாமும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வோம்: இந்நீர் எங்கே முடிகின்றது? இம்மூடியை எளிதில் திறக்க இயலுமா? அடைப்பு நேர்ந்தால் இறங்கப்போவது இயந்திரமா, மனிதனா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை இருந்தால்தான் மூடிய வடிகால் தூய்மையான வடிகாலாகும்.