பேறுகால உழைப்பும் ஓய்வுரிமையும்: மாத்தளைத் தோட்டப் பெண்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கருவுற்ற பெண் ஓடலாமா, உடற்பயிற்சி செய்யலாமா என்னும் வினாவுக்கு மருத்துவ உலகம் அளித்துவந்த விடை காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல், கருவுற்றவளின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டலாகாது என்றும் கடும் பயிற்சி 15 நிமிடத்துக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தது. ஓட்டத்தைக் கைவிடாத கருவுற்ற பெண்களை ஜேம்ஸ் கிளாப் என்னும் மருத்துவர் பல்லாண்டு ஆராய்ந்து, நலமுள்ள பெண்ணுக்கு அப்பயிற்சி தீங்கு செய்வதில்லை எனக் காட்டினார். 1994இல் அந்த எண் வரையறைகள் கைவிடப்பட்டன. 2020இல் உலக சுகாதார நிறுவனம், மருத்துவத் தடை எதுவுமில்லாத கருவுற்ற பெண்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடுதல் நன்று எனப் பரிந்துரைத்தது.

இவ்வறிவுரைகள் யாவும் ஒரு பெண்ணை மனத்திற்கொண்டே எழுந்தன. அவள் வேண்டும்போது ஓடுவாள், களைத்தால் நிற்பாள், பசித்தால் உண்பாள். ஆயின், எந்த வழிகாட்டலும் எழுதப்படுமுன்பே மாத்தளை மலைகளில் நிறைசூலியராய் ஏறியிறங்கிய பெண்களுக்கு இம்மூன்று உரிமைகளும் இருந்தனவா? அவ்வினாவை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தளை, தோட்டத் தொழிலாளர் வரலாற்றின் தலைவாயில்களுள் ஒன்று எனலாம். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஆகியவற்றைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். கோப்பிக் காலத்தில் வந்தோருட் பெரும்பாலோர் ஆடவர்; பருவ வேலை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டியிருந்தன. எனவே குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. பெண்களே கொழுந்தெடுப்பின் முதுகெலும்பாயினர். இரத்தோட்டை, எல்கடுவை முதலிய மேட்டு நிலங்களில் தேயிலையும், தாழ்ந்த பகுதிகளில் இறப்பரும் கொக்கோவும் பயிராயின. பயிர் வேறுபட்டபோதும் பெண்ணின் நாள் ஒன்றாகவே இருந்தது.

அந்நாளின் இயல்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். விடியுமுன் எழுந்து, நீரெடுத்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுப் பிரட்டுக்குச் செல்லல் வேண்டும். பின்பு கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, செங்குத்தான சரிவிலே நிரை பிடித்து, நின்றபடியே கொழுந்தெடுத்தல் வேண்டும். மழை பெய்தால் கூடையும் கனக்கும், வழியும் வழுக்கும். கொழுந்து நிறுக்கப்படும், குறித்த நிறை சேராவிடின் அந்நாள் 'அரைப்பேர்' ஆகிவிடும். மாலையில் லயத்துக்கு மீண்டால் விறகும் சமையலும் காத்திருக்கும். தோட்டப் பெண்களைப் பற்றி ரேச்சல் குரியன் எழுதி 1982இல் சர்வதேச தொழிலாளர் நிறுவனம் வெளியிட்ட ஆய்வும், தோட்டவேலை, வீட்டுவேலை என்னும் இந்த இரட்டைச் சுமையை எடுத்துக்காட்டியது. இத்தகையவளுக்கு உடலியக்கம் குறைந்ததென்று எவரும் கூறார். அவளுக்குக் குறைந்தது நிறுத்தும் அதிகாரமே. சூலுற்றவள் மெதுவாக எடுத்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால், உணவு மிகுதியாக வேண்டிய காலத்திலேயே உணவு குறையும்.

சட்டம் இதனை எவ்வாறு நோக்கியது? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாத காலம் உணவும் உறையுளும் அளிக்குமாறும், மருத்துவ அதிகாரி தகுதியுரைத்தாலன்றி அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாதெனவும் விதித்தது. இவ்விதி பேற்றின் பின்னரே தொடங்குவது கருதத்தக்கது. 1919இல் வாஷிங்டனில் நிறைவேறிய சர்வதேச மகப்பேற்றுப் பாதுகாப்புச் சமவாயம் கைத்தொழிலிலும் வணிகத்திலும் உழைத்த பெண்களுக்கு உரியதாயிருந்தது. வயலிலும் தோட்டத்திலும் உழைத்தவளை அது தொடவில்லை. 1952ஆம் ஆண்டின் சமவாயமே விவசாயத் தொழிலையும் உள்ளடக்கியது. இலங்கையோ அதற்கு முன்பே, 1939இல், மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தை இயற்றித் தோட்டப் பெண்களையும் அதனுட் சேர்த்துக்கொண்டது. அது பாராட்டத்தக்கதே. ஆயினும், அதன்படி கிடைத்த ஆறு வாரங்களுள் பேற்றுக்கு முந்தியவை இரண்டே. 1985இல் முதலிரு பிள்ளைகளுக்கு விடுமுறை பன்னிரண்டு வாரமாக உயர்ந்தது; மூன்றாம் பிள்ளைக்கு ஆறு வாரமே நீடித்தது. மூன்றாம் முறை சூலுற்ற உடல் முன்னையதிலும் குறைவாகக் களைக்கும் என்பதற்கு எந்த மருத்துவச் சான்றும் இல்லை. இவ்வேற்றுமை 2018ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீங்கியது.

விடுமுறை நீண்ட போதும், அதற்கு முந்திய மாதங்களின் நிலை வேறாயிருந்தது. ஒரே வகை நாள்வேலைக்கு ஆடவரிலும் பெண்கள் குறைந்த கூலியே பெற்றனர். சமகூலி 1984இலேயே கைகூடிற்று. 1970களின் நடுப்பகுதியில் நேர்ந்த உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டப்புறத்தில் இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது. தாயின் வயிறு வாடியபோதும் மலையின் உயரம் குறையவில்லை. கூடையின் கனமும் குறையவில்லை.

இன்றைய மருத்துவ ஆய்வுகளும் இவ்வேறுபாட்டை உறுதி செய்கின்றன. விரும்பிச் செய்யும் மிதமான பயிற்சி, கருக்கால நீரிழிவையும் அளவுக்கு மீறிய எடையேற்றத்தையும் குறைக்க உதவுகின்றது. நெடுநேரம் நிற்றல், பாரம் தூக்குதல் முதலிய தொழில்வழி உழைப்போ, குறைமாதப் பேற்றின் அபாயத்தை ஓரளவு கூட்டுவதாகக் காணப்படுகின்றது. இரண்டிலும் இயங்குபவை அதே கால்களும் அதே இதயமுமே. அவற்றை வேறுபடுத்துவன நேரத்தைத் தெரியும் உரிமை, இடைநின்று இளைப்பாறும் உரிமை, போதிய உணவு ஆகிய மூன்றுமாம். இரத்தச்சோகையுற்ற ஒருத்தி சரிவேறுதலையும், நன்குண்ட ஒருத்தி மாலையில் ஓடுதலையும் 'உடலியக்கம்' என்னும் ஒரே சொல்லால் அளப்பது அளவையன்று.

'அந்தக் காலத்துப் பெண்கள் பேறுநாள் வரை வேலை செய்தார்கள். அதனாலேயே வலுவாயிருந்தார்கள்' என்று நம்மிடையே பெருமையாகப் பேசுவோர் உளர். அப்பேச்சு உழைத்தவளைப் போற்றுவதுபோல் தோன்றி, அவளை ஓய்வின்றி வைத்திருந்த ஏற்பாட்டையே போற்றிவிடுகின்றது. அவள் வலுவினால் உழைத்தாள் என்பது பாதி உண்மை; நிற்க இயலாமையினால் உழைத்தாள் என்பது மறுபாதி.

ஆகவே, கருவுற்ற பெண் இயங்குதல் நன்று என்னும் இன்றைய அறிவுரை மாத்தளை மலைக்கும் பொருந்த வேண்டுமாயின், அதனோடு மற்றொன்றும் சேர்தல் வேண்டும். பேற்றுக்கு முந்திய மாதங்களில் சமதரையில் இலேசான வேலையும், நிறை குறைந்தாலும் குறையாத முழுப்பேரும் அவளுக்கு உறுதியாக வேண்டும். நடக்குமாறு ஒருத்திக்கு அறிவுரை கூறுமுன், அவள் அன்று எத்தனை மலை ஏறி வந்தாள் என்று கேட்டல் முறையன்றோ?